குரங்கின் மூளையில் புழுவா? சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய மாமா, தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் கூண்டில் ஒரு பெரோக் குரங்கை ஆறு வருஷமாக வளர்க்கிறார். மழை விட்டதும் கூண்டைச் சுற்றி ஊரும் நத்தைகளை அது பிடித்துத் தின்னுமாம். இப்போது ஒரு வாரமாகப் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, முதுகைத் தொட்டால் அலறுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "மூளையில புழு ஏறிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, தினமும் பழம் கொடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒட்டுமா, மருந்துக்கடையில் விற்கும் பூச்சி மாத்திரையைக் குரங்குக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடலாமா என்பவை கேள்விகள்.

இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, இந்தக் குரங்கால் பிள்ளைகளுக்கு ஆபத்தா என்பது. நான் கால்நடை மருத்துவம் படித்து, பல ஆண்டுகள் ஒட்டுண்ணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். நேரில் பார்க்காத ஒரு விலங்குக்கு நோயின் பெயரைச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். மூளைப் புழு குரங்கிடமிருந்து பிள்ளைக்கு வராது. குரங்குக்கு அது எங்கிருந்து வந்ததோ, அதே இடத்திலிருந்து பிள்ளைக்கும் வரலாம். அந்த இடம் கூண்டுக்கு வெளியே, தரையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை ஒதுக்கித் தள்ள முடியாது. நத்தை தின்ற குரங்கு, பின்னங்கால் தளர்ச்சி, தொட்டால் வலி என்று மூன்றும் சேர்ந்து வரும்போது என் சந்தேகப் பட்டியலிலும் முதலில் வருவது எலியின் நுரையீரல் புழுதான். ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டோனென்சிஸ் என்பது அதன் முழுப்பெயர். 1935இல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் முதலில் கண்டு விவரித்ததால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதரில் இதை முதலில் கண்டது தைவானில், 1945இல்.

இந்தப் புழு வாழும் விதம் தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். வளர்ந்த புழு எலியின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் இருக்கும். நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். அது போடும் முட்டைகள் நுரையீரலிலேயே பொரித்து, குஞ்சுப் புழுக்கள் தொண்டைக்கு ஏறி, எலி விழுங்கி, எலிப் புழுக்கையோடு வெளியே வருகின்றன. புழுக்கையில் ஊரும் நத்தைக்குள் அவை நுழைந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அடுத்த உடலுக்குத் தொற்றும் பருவத்தை அடைகின்றன. அந்த நத்தையை எலி தின்றால் புழு எலியின் மூளைக்குப் போய்ச் சில வாரம் வளர்ந்து, அங்கிருந்து நுரையீரலுக்கு இறங்கிவிடும். எலியின் உடலில் மூளை என்பது அதற்கு வழியில் உள்ள ஓர் ஊர் மட்டும்தான். அதே நத்தையைக் குரங்கோ, நாயோ, மனிதனோ தின்றாலும் புழு மூளை வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். அதற்கப்புறம் பொதுவாக வழி தெரியாமல் அங்கேயே அலைந்து செத்துப்போகும். அது அலையும் தடமும், சாகும்போது சுற்றிலும் உண்டாகும் கடும் அழற்சியும்தான் நோய். ஓட்டுள்ள நத்தை, ஓடில்லாத நத்தை இரண்டிலும் இது வளரும். நன்னீர் இறால், நண்டு, தவளை, உடும்பு போன்றவை நத்தையைத் தின்று புழுவைத் தங்கள் சதையில் சுமப்பதும் உண்டு.

குரங்குக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டது இல்லை. 1960களின் தொடக்கத்தில், மனித மூளைக்காய்ச்சல் ஒன்றுக்கு இந்தப் புழு காரணமாக இருக்கலாம் என்று ஹவாய்த் தீவுகளில் ஆராய்ந்தபோது, புழுவின் குஞ்சுகளைக் குரங்குக்குக் கொடுத்து அதே நோய் வருவதைப் பார்த்துத்தான் சந்தேகத்தை உறுதி செய்துகொண்டார்கள். பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் ஒரு ஹவ்லர் குரங்கும், மயாமியில் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு ஒன்றும் கூண்டில் இருந்தபடியே இந்த நோய்க்கு ஆளாயின. காட்டிலிருந்து எதையும் கொண்டு வந்ததால் வந்த நோய் இல்லை அது. எலியும் நத்தையும் வந்து போகும் கூண்டில், குரங்கு கை நீட்டி எடுத்துத் தின்றிருக்கிறது. கூண்டில் அடைபட்ட குரங்குக்குப் பொழுது போகாது. எது ஊர்ந்தாலும் எடுத்துப் பார்க்கும், கடித்தும் பார்க்கும்.

நம் நாட்டு நிலவரத்தில் ஒரு சிக்கல் உண்டு. மலேசிய எலிகளில் இருந்த புழுவையும் நெடுங்காலம் கான்டோனென்சிஸ் என்றே எழுதி வந்தார்கள். 1971இல்தான் அதைப் பிரித்து, ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் மலேசியென்சிஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். இந்த இரண்டாவது புழு குரங்குக்கும் மனிதருக்கும் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரு முடிவு வரவில்லை. உங்கள் தோட்டத்து எலியில் எது இருக்கிறது என்பது பரிசோதனையில்தான் தெரியும். வீட்டில் எடுக்கும் கவனம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

செம்பனைத் தோட்டம் இந்தப் புழுவுக்கு வாகான இடம். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கிப் போடுகிறோம். அதற்குள் எலி குட்டி போடும், ஈரம் காயாமல் நத்தையும் தங்கும். உதிர்ந்த பழம் எலிக்குச் சாப்பாடு. எலியைக் குறைக்கத் தோட்டங்களில் ஆந்தைப் பெட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நல்ல ஏற்பாடு, ஆனால் லயத்துப் பின்கட்டில் கூண்டுக்குக் கீழே சிந்திக் கிடக்கும் சோற்றுக்கும் வாழைப்பழத் தோலுக்கும் வரும் எலியை ஆந்தை பார்த்துக்கொள்ளாது.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் மாமாவின் குரங்குக்கு இதுதான் என்று நான் எழுதவில்லை. பின்னங்கால் விழுவதற்குக் கூண்டுக் குரங்குகளில் வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் சில புழுவை விட அதிகம் தட்டுப்படுபவை. சோறு, பிஸ்கட், வாழைப்பழம் என்றே வருஷக்கணக்கில் தின்று, வெயில் படாத மூலையில் இருக்கும் குரங்குக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் குறைந்து எலும்பு நொய்ந்துபோகும். முதுகெலும்பு அமுங்கினாலே கால் இழுக்கும், தொட்டால் வலிக்கும். காசநோய் இன்னொன்று. பெரோக்கும் சேர்ந்த மக்காக் இனக் குரங்குகளுக்கு அது எளிதில் தொற்றும், பெரும்பாலும் மனிதரிடமிருந்துதான் தொற்றும். அது முதுகெலும்பில் இறங்கினால் இதே நடைதான். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் முதலில் அவரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நஞ்சையும் மறக்கக் கூடாது. நத்தைக்குப் போடும் மருந்துக் குருணையில் மெட்டால்டிஹைட் இருக்கும். தின்ற சில மணி நேரத்தில் உடல் நடுங்கும், வலிப்பு வரும். எலி மருந்து இரத்தம் உறையாமல் செய்யும், சில நாள் கழித்து உள்ளே கசிந்து, தண்டுவடத்தருகே கசிந்தால் கால் விழும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து என்றால் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். நத்தையால் வந்ததோ என்று பயந்து இப்போது நத்தை மருந்தை வாங்கிக் கூண்டைச் சுற்றிக் கொட்டிவிடாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். குரங்கு கை நீட்டி அதையும் எடுத்துத் தின்னும். பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

மூளையைத் தாக்கும் மற்ற ஒட்டுண்ணிகளைப் பற்றி இணையத்தில் படித்துப் பயப்படுவீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பூனையின் கழிவில் வெளிவரும், ஈர மண்ணில் ஒரு வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். ஆனால் பெரோக், கெரா போன்ற நம் பக்கத்துக் குரங்குகள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். மார்மோசெட், ஸ்குவிரல் குரங்கு போன்ற தென்னமெரிக்கச் சிறு குரங்குகள்தான் அதற்குப் பொத்பொத்தென்று விழுந்து சாகும். இப்போது மார்மோசெட்டைச் செல்லமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் பூனையும் இருந்தால் இது அவர்களுக்கான எச்சரிக்கை. அப்புறம் பாலமூத்தியா என்ற அமீபா. 1986இல் அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குப் பூங்காவில் இறந்த ஒரு மாண்ட்ரில் குரங்கின் மூளையிலிருந்துதான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள், அதனால்தான் அதன் பெயரில் மாண்ட்ரிலாரிஸ் என்று இருக்கிறது. மண்ணில் வாழ்வது, மிக அரிதாகவே நோய் தருவது, தந்தால் கொல்லக்கூடியது. பன்றி நாடாப்புழுவின் முட்டையும் குரங்கு மூளையில் கட்டியாக வளரும். அந்த முட்டை மனிதக் கழிவிலிருந்து குரங்குக்குப் போவது. ரக்கூன் உருண்டைப்புழு என்று ஒன்றைப் பற்றி நிறைய எழுதியிருப்பார்கள். அது வட அமெரிக்க விஷயம், உங்கள் தெருவில் யாரும் ரக்கூன் வளர்க்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். எலி நுரையீரல் புழு குரங்கின் மூளையில் இருந்தாலும், அதன் மலத்திலோ எச்சிலிலோ மூச்சிலோ பிள்ளைக்குத் தொற்றக்கூடிய நிலையில் வெளிவராது. அந்த வகையில் குரங்கு ஒரு முட்டுச்சந்து. இது எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதி. பிள்ளைக்கு அது வருவதென்றால் நத்தையை வாயில் வைத்தோ, வேகாத நத்தை, இறால், நண்டு தின்றோ, குட்டி நத்தை ஒட்டியிருக்கும் கீரையைப் பச்சையாகத் தின்றோதான் வரும். நம் வீடுகளில் கொல்லைப்புறத்து வல்லாரையைப் பறித்து, ஒரு அலசு அலசிப் பச்சையாகவே துவையல் அரைக்கிறோம், உலாம் போலவும் சாப்பிடுகிறோம். வல்லாரை தரையோடு படர்வது, ஈரம் விரும்புவது, ஓடில்லாத நத்தைக் குஞ்சு அரிசி அளவில் இலைக்கடியில் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். இந்தக் கூண்டு இருக்கும் பின்கட்டில் வளர்வதை இனி வேகவைத்தே சாப்பிடுங்கள், மற்றதை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள். நத்தையோ இறாலோ நண்டோ என்றால் 3 முதல் 5 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். நத்தை ஊர்ந்த பசை மட்டும் பட்டு நோய் வருமா என்று கேட்பார்கள். பசையில் புழு இருக்கும் வாய்ப்பு நத்தையின் சதையில் இருப்பதைவிட மிகவும் குறைவு, ஆனால் கை கழுவுவதற்குச் செலவில்லை.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. வலியில் இருக்கும் குரங்கு கடிக்கும், ஆறு வருஷம் பழகியதும் கடிக்கும். மக்காக் குரங்குகளில் பல, ஹெர்பிஸ் பி என்ற வைரஸைச் சுமக்கின்றன. அவற்றுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும், சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை இறந்துபோவார்கள். 1932இல் முதலில் அறியப்பட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பதிவானவர்கள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லையென்றால் இன்று இரவு நீங்கள் தூங்கமாட்டீர்கள். ஆனாலும் நரம்புக் கோளாறு காட்டும் குரங்கிடம் வெறிநாய்க்கடி நோயையும் நினைக்காமல் இருக்க முடியாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நாய்களிடையே அது தலைகாட்டியது, 2017 முதல் சரவாக்கில் ஆட்களைக் கொன்றிருக்கிறது. ஆகவே இன்றிலிருந்து பிள்ளைகள் கூண்டருகே போகக் கூடாது. ஒரு பெரியவர் மட்டும், நீளமான கரண்டியாலோ குழாய் வழியாகவோ சாப்பாடும் தண்ணீரும் வைக்கட்டும். யாரையாவது கடித்தோ கீறியோ இருந்தால், இந்த ஒரு வாரத்துக்குள் நடந்ததானாலும் சரி, அதற்கு முன்னால் நடந்ததானாலும் சரி, அரசு மருத்துவமனைக்குப் போய் "குரங்கு கடித்தது" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். புதுக் காயமானால் புறப்படும் முன் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

பூச்சி மாத்திரைக்கு என் பதில், இரண்டு பேருக்கும் வேண்டாம். பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்கு மருத்துவர் சொல்லும் மாத்திரை வேறு விஷயம், அதை அவர் சொல்கிறபடி கொடுங்கள். மூளைப் புழு வந்துவிடுமோ என்று முன்கூட்டிக் கொடுப்பதில் பயனில்லை. குரங்குக்குக் கொடுப்பது அதைவிட மோசமாக முடியலாம். மூளையில் இருக்கும் புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் அழற்சி பொங்கி, இழுத்துக்கொண்டாவது நடந்த குரங்கு படுத்துவிடும். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்குகிறார்கள். தாய்லாந்தில் மனித நோயாளிகளிடம் இரண்டு வாரம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தபோது தலைவலி விரைவாகத் தணிந்தது. அதோடு அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தையும் சேர்ப்பதா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் உங்கள் குரங்குக்குக் காசநோயாக இருந்தால் ஸ்டீராய்டு அதைப் பரப்பிவிடும். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்ளாதது இதனால்தான்.

நோயைக் கண்டுபிடிப்பது எளிதா என்றால், இல்லை. இந்தப் புழு இருந்தால் இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு கூடும். தண்டுவட நீரின் வெள்ளையணுக்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அது இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் தண்டுவட நீரை எடுக்கக் குரங்கை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும், அதற்குக் குரங்கைக் கையாளத் தெரிந்த மருத்துவர் வேண்டும். எல்லாக் கிளினிக்கிலும் அது நடக்காது. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை இந்த மூன்றை மட்டும் செய்தாலே மேலே சொன்னவற்றில் பலவற்றைக் கழித்துவிடலாம். ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கூடம் உங்களுக்குப் பக்கம்தான், மாதிரிகளைக் கால்நடை இலாகா வழியாக அங்கே அனுப்பலாம். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை தூரம், ஆனால் வசதிகள் அதிகம்.

குரங்குக்கு உரிமம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெரோக்கும் கெராவும் பாதுகாக்கப்பட்டவை, உரிமம் இல்லாமல் வளர்க்கக் கூடாது. கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரோக்குக்கும் இதே சட்டம்தான். மாமா பயந்து தயங்கினால் அது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானை அழைப்பதே சரி. நோயோடு ஒரு வாரமாகக் கத்துகிற விலங்கை ஒளித்து வைப்பது அதற்கும் கொடுமை, வீட்டுக்கும் ஆபத்து. என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்: பெரோக் கூட்டமாகக் காட்டில் அலைய வேண்டிய உயிர், நன்றாக நடந்தபோதும் அந்தக் கூண்டு அதற்கு இடமில்லை. மாமா அதன்மேல் வைத்திருக்கும் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பாசத்தால்தான் இப்போது அவர் அந்த அழைப்பைச் செய்ய வேண்டும்.

வனவிலங்குத் துறையினரோ மருத்துவரோ வருவதற்குள் குரங்கு இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள், வெறுங்கையால் தொடவும் கூடாது, யாரும் அறுத்துப் பார்க்கவும் கூடாது. கையுறை போட்டு, இரண்டு நெகிழிப் பைக்குள் இட்டுக் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் திசு சிதைந்து, மூளையில் புழு இருந்ததா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது கடினமாகிவிடும். மூளைத் திசுவைப் பார்த்துச் சொல்வதுதான் இந்த நோயில் மிக உறுதியான பதில். அந்தப் பதில் அந்தக் குரங்குக்கு உதவாது, ஆனால் அதே பின்கட்டில் விளையாடும் பிள்ளைகளுக்கும் பக்கத்து லயத்து நாய்களுக்கும் உதவும்.

கூண்டைச் சுற்றிலும் இன்றே சில வேலைகள் இருக்கின்றன. மாலையானதும் மிச்சச் சாப்பாட்டை அள்ளிவிடுங்கள், எலிக்கு அதுதான் அழைப்பு. அழுகிய பலகை, மட்டைக் குவியல், கவிழ்ந்த பூத்தொட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினால் நத்தைக்கு ஈர நிழல் இருக்காது. இருட்டிய பிறகு விளக்கோடு போய், இடுக்கியால் பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். காலால் நசுக்கிவிட்டுப் போக வேண்டாம். தண்ணீர்த் தொட்டிகளை மூடி வையுங்கள்.

பிள்ளைகளில் யாராவது சமீபத்தில் நத்தையை வாயில் வைத்தது தெரிந்தால், அடுத்த மூன்று வாரங்களுக்குக் கவனமாகப் பாருங்கள். விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் தொட்டாலே எரிச்சலோ குத்தலோ, பார்வை இரண்டாகத் தெரிவது, சின்னப் பிள்ளையானால் காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் நத்தை விஷயத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள், ஈசினோஃபில் எண்ணிக்கையோடு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வந்தால் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் குரங்குகளில் இருக்கும் நோலெசி மலேரியாவைக் காட்டோரக் கொசு மனிதருக்குக் கொண்டு வருகிறது, தோட்டத்தை ஒட்டிக் காடு இருக்கும் ஊர்களில் மருத்துவர்கள் அதை நன்கு அறிவார்கள்.